1993 ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் புகைச் சோதனையில் தேறவில்லை. தேற வைக்க வழி உண்டா, விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். வழி உண்டு, அதுவும் நேர்வழி.

மாமா வைத்திருந்த வண்டி, ஓட்டம் நன்றாக இருக்கிறது, இரண்டு முறை சோதனை மையத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்.சி. புதுப்பிக்கப் போன இடத்தில்தான் இந்தத் தடங்கல் வந்திருக்கும். வெளியே நின்ற யாராவது ஒருவர், "வண்டியே வர வேண்டாம், பணத்தை மட்டும் கொடுங்கள், சான்றிதழ் கைக்கு வந்துவிடும்" என்றும் சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னார்கள். சோதனைக் குழாயைப் பக்கத்தில் நிற்கும் புது வண்டியில் செருகிவிட்டு நம் வண்டியின் எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்வதுதான் அந்த வித்தை. அன்று அதற்கு ஒப்புக்கொண்டிருந்தால் இன்று என்னிடம் வண்டி இருந்திருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வண்டியும் ஆர்எக்ஸ் 100தான், 1992 மாடல். அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தார். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், பாபநாசம் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் அந்த வண்டியில்தான் போவார். நடுராத்திரியில் ஆள் வந்து, கன்று மாறிக் கிடக்கிறது, பசு துடிக்கிறது என்றால் லுங்கியை மாற்றிக்கொண்டு ஒரே உதையில் கிளப்புவார். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை நான் படுக்கையில் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் 2014இல் காலமானார். வண்டி எனக்கு வந்தது. இதை விற்பது பற்றி என்னிடம் யாரும் பேசுவதில்லை.

2022இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய முறை. பதினைந்து ஆண்டு முடிந்த பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இது வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். புகைச் சான்றிதழ் வாங்கப் போனேன். கையில் வந்த தாளில் கார்பன் மோனாக்சைடு 3.1 சதவீதம், ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோலும் ஆயிலும், 9,870 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று இருந்தது. தேறவில்லை.

இங்கே ஒரு விஷயம். நம் ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் வண்டி, அதாவது பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிப்பது. இப்படிப்பட்ட பழைய வண்டிகளுக்கான வரம்பு எவ்வளவு என்று மையத்தில் இருப்பவர்களே சரியாகச் சொல்வதில்லை. 2000 மார்ச் 31க்கு முன் தயாரான இரு சக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம். அதற்குப் பிறகு வந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு 3.5 சதவீதமும் 6,000 பிபிஎம்மும். அதே காலத்து ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 3.5 சதவீதமும் 4,500 பிபிஎம்மும். உங்கள் தாளில் எந்த வரம்பு அச்சாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கணினியில் வண்டியின் வகையைத் தவறாகப் பதிந்திருந்தால் எவ்வளவு நல்ல டூ ஸ்ட்ரோக்கும் தேறாது.

என் தாளில் வரம்பு சரியாகவே இருந்தது. வண்டியில்தான் கோளாறு.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்காமல் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பாய். கும்பேசுவரர் கோயில் பக்கம் நாற்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறார். கார்பன் மோனாக்சைடு ஏறினால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டர் பஞ்சு எண்ணெய் குடித்து அடைத்திருக்கும், கிளப்பும்போது இழுத்த சோக் முழுதாக விடுபட்டிருக்காது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஊசி தேய்ந்திருக்கும், மிதவை மட்டம் தவறியிருக்கும். இதெல்லாம் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை. நம் வண்டியில் இருக்கும் மிகுனி கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய பித்தளைத் திருகு காற்றுக்கானது. அதை வெளிப்பக்கமாகத் திறந்தால் கலவை மெலியும், அதாவது காற்று கூடிப் பெட்ரோலின் பங்கு குறையும். பல பையன்கள் இதைப் பெட்ரோல் திருகு என்று நினைத்து எதிர்ப்பக்கம் முறுக்கிவிட்டு, புகை கூடிவிட்டதே என்று விழிக்கிறார்கள்.

ஹைட்ரோகார்பன் வேறு கதை. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் எரிந்த புகை வெளியேறும் வழியும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். மாடு காலை உதறும்போது பால் செம்புக்கு வெளியே சிந்துவதுபோல, எரியாத பெட்ரோலும் ஆயிலும் கொஞ்சம் புகையோடு வெளியே போய்விடும். அது அந்த என்ஜினின் பிறவிக்குணம். வரம்பே 9,000 வரை விட்டிருப்பது அதனால்தான். ஆனால் அதையும் தாண்டுகிறது, கார்பன் மோனாக்சைடு மட்டும் அடக்கமாக இருக்கிறது என்றால் சந்தேகம் கார்புரேட்டர்மேல் போகக் கூடாது. பிளக் சரியாகப் பொறி விடாமல் இருக்கலாம், அல்லது தேவைக்கு மேல் ஆயில் எரிந்துகொண்டிருக்கலாம்.

பாய் தாளை ஒருமுறை பார்த்தார். பிளக்கைக் கழற்றினார். தேநீர் நிறத்தில் இருக்க வேண்டிய முனை கறுத்து ஈரமாக இருந்தது. அடுத்து அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "தம்பி, கியர் ஆயில் எப்போது மாற்றினீர்கள்?"

நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அடியில் இருந்த நட்டைத் திறந்து ஒரு பழைய டால்டா டப்பாவில் பிடித்தார். ஊற்றியதில் பாதிகூட வரவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுக்கு கிடையாது. பிறகு எங்கே போனது? பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் கிராங்க் தண்டின் வலது பக்க ஆயில் சீல், அதாவது ஆயில் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், போயிருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே ஏறும்போதெல்லாம் அதற்குக் கீழே இருக்கும் கிராங்க் அறை உறிஞ்சும். சீல் நன்றாக இருந்தால் கார்புரேட்டர் வழியாக மட்டும் உறிஞ்சும். சீல் விட்டுப்போனால் கிளட்ச் பக்கத்திலிருந்து கியர் ஆயிலையும் சேர்த்து இழுத்து எரிக்கும். நான்கு மாதமாக என் வண்டி குடித்தது அதைத்தான்.

இடது பக்கமும் பார்த்துவிடலாம் என்றார் பாய். மின்சாரம் தரும் மேக்னட் இருக்கும் அந்தப் பக்கத்துச் சீல் விட்டால் ஆயில் வராது, காற்று நுழையும். கலவை மெலிந்து என்ஜின் சூடேறி, ஓட்டத்திலேயே பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். என்ஜினை இறக்கிப் பிரித்தார்கள். கழற்றிய இரண்டு சீல்களையும் என் உள்ளங்கையில் வைத்தார். வலது பக்கத்து ரப்பர் உதடு நகம்போல் இறுகி, ஒரு இடத்தில் மயிரிழை அளவு பிளந்திருந்தது. இடது பக்கத்தில் உதட்டை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய வளையச் சுருள் துருப்பிடித்து அறுந்து கிடந்தது. அடுத்த மாதம் தஞ்சாவூர் வரை போவதாக இருந்தேன். அந்தச் சுருளைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தால் என் கைக்குக் காகிதம் கிடைத்திருக்கும், சாலையில் என்ஜின் பிடித்திருக்கும். அந்தச் சோதனைத் தாள்தான் எனக்கு நோயைக் காட்டியது. அதைச் சடங்கு என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

இரண்டு சீலும் கிராங்க் பேரிங்கும் மாற்றினோம். சைலன்சரின் உள்குழாயை எடுத்துக் கரியைச் சுரண்டினோம். என்ஜினுக்கு ஆயில் ஊட்டும் பம்பின் கேபிளைச் சரிபார்த்தோம். இது முக்கியம்: அந்தக் கேபிள் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தால், ஆக்சிலரேட்டரைத் தொடாதபோதே பம்ப் அதிக ஆயில் கொடுக்கும். சிலர் பம்பையே கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிறார்கள். பம்ப் இருந்தால் நிற்கும்போது குறைவாகவும் ஓடும்போது அதிகமாகவும் ஆயில் போகும். கையால் கலந்தால் எல்லா நேரமும் ஒரே அளவு. சோதனை நடப்பதோ வண்டி நின்ற இடத்தில் என்ஜின் மட்டும் ஓடும்போது. உங்கள் மாமா பம்பைக் கழற்றியிருந்தால் முதலில் அதைத் திரும்ப மாட்டுங்கள்.

மறுபடி சோதனைக்குப் போகும் அன்று தாராசுரம் வரை ஓட்டிவிட்டு நேராக மையத்துக்குப் போனேன். என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், பத்து நிமிடம் வரிசையில் அணைத்து வைத்தால் மறுபடி ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். குழாயை உள்ளே விட்டார்கள். 2.4 சதவீதம், 6,650 பிபிஎம். அந்தத் தாளைப் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது கலவையைக் கொஞ்சம் மெலியச் செய்வதால் கார்பன் மோனாக்சைடு குறையத்தான் செய்யும், ஆனால் முப்பது வருடத்து ரப்பர் குழாய்க்கும் கார்புரேட்டர் வாஷருக்கும் அது ஆகாது. மாற்றிவிடுங்கள். பல வாரம் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

"ஊரே மூச்சு முட்டுகிறது, இவர்கள் முப்பது வருட வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்" என்று எழுத வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சோதனையில் தேறியதால் என் வண்டி சுத்தமானது என்று நான் சொல்லவில்லை. இன்று வரும் வண்டிகளோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம் விடுகிறது, நின்று ஓடும்போது மட்டும் அளப்பது முழு அளவீடும் ஆகாது. வாரத்தில் இரண்டு நாள்தான் எடுக்கிறேன். வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவன் அதை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி. சத்தம் வேண்டும் என்பதற்காக சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்கிவிட்டுத் திரிபவர்களால்தான் நம் எல்லோருக்கும் கெட்ட பெயர். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

சான்றிதழ் கிடைத்தும் அன்று என் வேலை முடியவில்லை. அப்பாவின் பழைய ஆர்.சி. புத்தகத்தைப் போக்குவரத்து அலுவலகத்தில் கணினியில் ஏற்றியபோது, தகப்பனார் பெயராக இருந்த என் தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறார்கள். அப்பாவின் ஆதாரில் தாத்தாவின் பெயர் ஒரு மாதிரி, ஆர்.சி.யில் வேறு மாதிரி. அவர்கள் செய்த பிழையைத் திருத்த நான் பிரமாணப் பத்திரம் எழுதி, வாரிசுச் சான்றிதழ் இணைத்து, மூன்று முறை விடுப்புப் போட்டு அலைந்தேன். 1992இல் ஓர் எழுத்தர் பொறுமையாக, முத்து முத்தான கையெழுத்தில் எழுதிய புத்தகம் அது. அதில் ஒரு பிழை இல்லை. தட்டச்சு செய்தவருக்கு அதைப் பார்த்து எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? உங்கள் ஆர்.சி.யையும் இணையத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். என்ஜின் எண், தயாரிப்பு ஆண்டு, தகப்பனார் பெயர் மூன்றையும்.

சான்றிதழ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். அதனால் தள்ளிப்போடாதீர்கள். தேறாத அந்த இரண்டு தாள்களையும் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் எண்களைக் கீழே எழுதுங்கள். கியர் ஆயிலையும் இறக்கி அளந்து பார்த்துவிட்டு, எவ்வளவு வந்தது என்று சேர்த்து எழுதுங்கள்.