கணக்கியல் பாடங்கள் முழுதும் தேறியும் பட்டமளிப்புப் பட்டியலில் மகளின் பெயர் இல்லை: மறுமொழி

ஒரே ஒரு பொதுக்கல்விப் பாடம் விடுபட்டதற்காக மகளின் பட்டம் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், அது கட்டாயப் பாடமாக இருந்தால் அந்த ஒன்றே போதும், உங்கள் மகளின் பட்டம் நின்றுபோக. கணக்கியலில் எவ்வளவு நன்றாகத் தேறியிருந்தாலும் அது இதை ஈடுசெய்யாது.

"நீட்டித்த ஆண்டிலேயே அடித்தளப் பாடங்களை முடித்துவிட்டாளே" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான். பள்ளிக் கல்வியில் விழுந்த இடைவெளியை நிரப்புவதற்காகப் படிப்பை ஓராண்டு நீட்டித்துக் கற்பிக்கும் அடித்தளப் பாடம் வேறு. எத்துறை மாணவரும் தம் துறைக்கு வெளியே சமூகம், அறம், எழுத்து ஆகியவற்றில் சிறிதேனும் பயில வேண்டும் என்று வைக்கப்படும் பொதுக்கல்விப் பாடம் வேறு. உங்கள் மகளுக்கு விடுபட்ட பாடமான, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கார்னர்ஸ்டோன் 101 (கார்னர்ஸ்டோன் என்றால் மூலைக்கல்) இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பெயர்கள் இப்படி ஒட்டி நின்றால் யார்தான் தடுமாறமாட்டார்கள்?

மகள் முதன்முதலில் பதிவுசெய்த ஆண்டின் புலக் கையேட்டை எடுத்து, அந்தப் பாடக் குறியீட்டுக்கு எதிரே கட்டாயம் என்றிருக்கிறதா, விருப்பம் என்றிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வாண்டுக் கையேட்டை நம்ப வேண்டாம்.

மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) தேவை; ஆனால் கூட்டுத்தொகை அதைத் தாண்டினாலும் கட்டாயப் பாடம் கட்டாயமே. விடுபட்ட பாடத்தை வேறு நிறுவனத்தில் படித்து, அதன் கிரெடிட்டை இங்கே மாற்றிக்கொள்ள எண்ணினால், பணம் கட்டுமுன் புல அலுவலகத்தின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.