அலுவலகக் கணினியில் மோதிக்கொள்ளும் மின்னஞ்சல் மென்பொருள்கள்: கேள்வி பதில்

ஒரே அலுவலகக் கணினியில் இரண்டு மின்னஞ்சல் மென்பொருள்கள் இருக்கும்போதும், ஒரே மென்பொருளோடு ஆன்டிவைரஸ், ஆட்-இன் (மென்பொருளோடு இணைக்கும் துணை நிரல்), கணக்கு மென்பொருள் போன்றவை வந்து சேரும்போதும் எழும் சிக்கல்களைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லோருக்கும் பொதுவான வேண்டுகோள் ஒன்றை முதலிலேயே வைத்துவிடுகிறேன். எதையும் நீக்குவதற்கு முன், உங்கள் கடிதங்களின் முழுப் பிரதி சர்வரில் இருக்கிறதா அல்லது உங்கள் கணினியில் மட்டும் இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மென்பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் நிறுவலாம். தொலைந்த கடிதத்தை அப்படி மீட்க முடியாது.

கேள்வி: வணக்கம் ஐயா. அலுவலகக் கணினியில் அவுட்லுக் பயன்படுத்துகிறேன். அண்மையில் தண்டர்பேர்டையும் நிறுவி அதே முகவரியைச் சேர்த்தேன். இப்போது சில கடிதங்கள் ஒன்றில் இருக்கின்றன, மற்றொன்றில் இல்லை. கைபேசியில் பழைய கடிதங்களே காணவில்லை. எது தின்றுவிட்டது?

பதில்: வணக்கம். இரண்டில் ஒன்றாவது பாப் முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது என்று கருதுகிறேன். பாப் என்பது சர்வரிலிருந்து கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை. இறக்கிய பின் சர்வரில் உள்ள பிரதியை அழிப்பதும் அதன் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. ‘சர்வரில் ஒரு பிரதியை விட்டுவை’ என்ற தெரிவு இருந்தாலும், பல மென்பொருள்களில் அதனுடன் 14 நாள் கழித்து அழித்துவிடும் தெரிவும் சேர்ந்தே இயக்கப்பட்டிருக்கும். அதனால்தான் முதல் இரு வாரங்கள் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றி, அதன் பிறகு கைபேசியில் பழைய கடிதங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்குகின்றன. பயனருக்கு இது திடீர் விபத்தாகத் தெரியும். உண்மையில் அமைப்பில் எழுதியபடியே அது நடக்கிறது.

இரு மென்பொருள்களின் கணக்கு அமைப்புகளையும் திறந்து, உள்வரும் சர்வரின் போர்ட் எண்ணைப் பாருங்கள். 995 அல்லது 110 என்றிருந்தால் அது பாப். 993 அல்லது 143 என்றிருந்தால் அது ஐமேப், அதாவது கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை. பாப் கணக்கு எதில் இருக்கிறதோ, அதில் சர்வரிலிருந்து அழிக்கும் தெரிவை உடனே நிறுத்துங்கள். அதன் பிறகு அதே மென்பொருளில் ஐமேப் கணக்கு ஒன்றைத் தனியாகச் சேர்த்து, பாப் கணக்கில் இறங்கிய கடிதங்களை ஐமேப் ஃபோல்டருக்குள் நகலெடுங்கள். அவை மீண்டும் சர்வருக்கு ஏறும். எல்லாம் ஏறிவிட்டன என்று இணைய உலாவி வழியாகச் சர்வரிலேயே பார்த்து உறுதி செய்த பின்னர்தான் பாப் கணக்கை நீக்க வேண்டும். ‘நகர்த்து’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ‘நகலெடு’ என்பதையே பயன்படுத்துங்கள்; நடுவில் இணைப்பு அறுந்தாலும் இழப்பு நேராது.

கேள்வி: அப்படியானால் அவுட்லுக்கையும் தண்டர்பேர்டையும் ஒரே கணினியில் வைத்திருக்கவே கூடாதா?

பதில்: தாராளமாக வைத்திருக்கலாம். இரண்டும் ஐமேப்பில் இருந்தால் படித்தது, படிக்காதது, அழித்தது எல்லாமே சர்வரில் பதிவாவதால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்.

கேள்வி: பிடிஎஃப் மென்பொருள் ஒன்றைப் புதிதாக நிறுவியதிலிருந்து அவுட்லுக் திறக்கும்போதே உறைந்துவிடுகிறது. பிடிஎஃப் மென்பொருளை நீக்கிப் பார்த்தேன், பயனில்லை.

பதில்: கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி அவுட்லுக்கைத் திறங்கள். பாதுகாப்பு முறையில் திறக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். அந்த முறையில் ஆட்-இன்கள் ஏற்றப்படுவதில்லை. அவுட்லுக் அப்போது ஒழுங்காகத் திறந்தால், குற்றவாளி ஓர் ஆட்-இன் என்பது கிட்டத்தட்ட உறுதி. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று சென்று, கீழே ‘காம் ஆட்-இன்ஸ்’ என்பதைத் தேர்ந்து, எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டு, பாதியை மட்டும் இயக்கிப் பாருங்கள். சிக்கல் வந்தால் அந்தப் பாதியில் இருக்கிறது. வராவிட்டால் மறு பாதியில் இருக்கிறது. பத்து ஆட்-இன்கள் இருந்தாலும் நான்கு முறைக்குள் கண்டுபிடித்துவிடலாம்.

தாங்கள் பிடிஎஃப் மென்பொருளை நீக்கியும் தீராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நீக்கும்போது ஆட்-இன் பதிவு மட்டும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) எஞ்சியிருக்கலாம். அல்லது அந்த மென்பொருள் குற்றமற்றதாக இருந்து, அதே வேளையில் புதுப்பிக்கப்பட்ட வேறோர் ஆட்-இன் காரணமாக இருக்கலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், அப்ளிகேஷன் பதிவேட்டில், அவுட்லுக் எழுதும் 45 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். ஒவ்வோர் ஆட்-இன்னும் ஏறுவதற்கு எத்தனை மில்லி செகண்ட் எடுத்தது என்று அதில் பட்டியலே இருக்கும். ஊகத்தின் பேரில் மென்பொருளை நீக்குவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் கணக்கு மென்பொருளில் விலைப்பட்டியலை நேரடியாக மின்னஞ்சலில் அனுப்பும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ‘இயல்பான மின்னஞ்சல் மென்பொருள் இல்லை’ என்ற பொருளில் பிழைச் செய்தி வருகிறது. ஆனால் அவுட்லுக்தான் இயல்பான மென்பொருளாக இருக்கிறது. இணையப் பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் அவுட்லுக்கே திறக்கிறது. இது எப்படி?

பதில்: மிக நல்ல கேள்வி. இந்தச் செய்தி பலரைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது. இணையப் பக்கத்தில் உள்ள முகவரியைச் சொடுக்கும்போது விண்டோஸ் தன் இயல்புச் செயலிப் பட்டியலைப் பார்த்து, அங்கே குறிக்கப்பட்ட மென்பொருளைத் தனியாகத் திறந்துவிடுகிறது. கணக்கு மென்பொருளின் பொத்தான் பெரும்பாலும் மேபி என்ற பழைய இடைமுகத்தைப் பயன்படுத்துகிறது. அதற்கு வழி வேறு: மின்னஞ்சல் மென்பொருளுக்குரிய ஒரு நிரல் கோப்பைக் கணக்கு மென்பொருள் தன் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றிக்கொள்ள முயல்கிறது. 32 பிட் மென்பொருளால் 64 பிட் நிரல் கோப்பைத் தனக்குள் ஏற்ற இயலாது. பழைய கணக்கு மென்பொருள்கள் பல 32 பிட் வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஆஃபீஸ் 2019 முதல், நிறுவும்போது வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் 64 பிட் பதிப்பே நிறுவப்படுகிறது. ஆகவே ஆஃபீஸைப் புதுப்பித்த மறுநாளே, அதுவரை வேலை செய்த பொத்தான் செயலிழப்பது வழக்கமாக நடக்கும் ஒன்று.

முதலில் இரண்டின் வகையையும் பாருங்கள். அவுட்லுக்கில் ஃபைல், ஆஃபீஸ் அக்கவுன்ட், அபவுட் என்று சென்றால் முதல் வரியிலேயே பிட் எண் இருக்கும். கணக்கு மென்பொருளுக்கு டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பகுதியில் பிளாட்ஃபார்ம் என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். வேறுபட்டால், கணக்கு மென்பொருளின் 64 பிட் பதிப்பைக் கேட்டுப் பெறுவது முதல் வழி. அது இல்லையென்றால் ஆஃபீஸை முழுவதும் நீக்கிவிட்டு 32 பிட் பதிப்பை நிறுவ வேண்டியிருக்கும். இரு வகைகளையும் ஒரே கணினியில் அருகருகே வைக்க முடியாது. என் விருப்பமான வழி மூன்றாவது: கணக்கு மென்பொருளில் எஸ்எம்டிபி (கடிதம் அனுப்புவதற்கான முறை) வழியாக நேரடியாக அனுப்பும் வசதி இருந்தால், சர்வர் பெயர், 587 என்ற போர்ட், உள்நுழைவு விவரம் ஆகியவற்றைக் கொடுத்து, அவுட்லுக்கை இடையில் கொண்டுவராமலேயே அனுப்பிவிடலாம்.

பிட் எண் ஒத்திருந்தும் பிழை வந்தால், ஒன்றை நிர்வாகி உரிமையுடனும் மற்றொன்றைச் சாதாரண உரிமையுடனும் இயக்குகிறீர்களா என்று பாருங்கள். அவுட்லுக் மூடியிருக்கும்போது பொத்தான் வேலை செய்து, திறந்திருக்கும்போது மட்டும் செய்யவில்லையென்றால் காரணம் அநேகமாக இதுவே. இன்னொன்று: ‘புதிய அவுட்லுக்’ என்ற மாற்றுப் பொத்தானை யாரேனும் இயக்கியிருந்தால் அதைத் திருப்பி வைத்து முயலுங்கள். புதிய அவுட்லுக்கில் காம் ஆட்-இன்கள் இயங்குவதே இல்லை. அவற்றை நம்பியிருக்கும் அலுவலகங்கள் அவசரப்பட்டு அதற்கு மாறக் கூடாது.

கேள்வி: தண்டர்பேர்டில் இன்பாக்ஸ் முழுவதும் ஒரே நாளில் காலியாகிவிட்டது. நான் எதையும் அழிக்கவில்லை. கணக்கு பாப் வகை என்று சொன்னார்கள். உதவுங்கள்.

பதில்: முதலில் தண்டர்பேர்டை மூடிவிடுங்கள், அதன்பின் ஆன்டிவைரஸின் தனிமைப்படுத்தல் பட்டியலைத் திறந்து ‘இன்பாக்ஸ்’ என்ற பெயரில் நீட்டிப்பு இல்லாத கோப்பு ஏதேனும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். தண்டர்பேர்ட் தன் இயல்பான அமைப்பில் ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பில், ஒரே நீண்ட சுருளில் ஒட்டியதுபோல வரிசையாகச் சேர்த்து வைக்கிறது. அதில் ஒரு கடிதத்தின் இணைப்பில் வைரஸ் இருப்பதாகக் கண்டால், சில ஆன்டிவைரஸ்கள் அந்தச் சுருள் முழுவதையும் எடுத்துச் சென்றுவிடும். இருந்தால் அதை மீட்டெடுத்து, பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரை (கணக்கு அமைப்புகளும் கடிதங்களும் இருக்கும் இடத்தை) ஆன்டிவைரஸின் கண்காணிப்பிலிருந்து விலக்கி வையுங்கள், இல்லையேல் அடுத்த நிமிடமே மீண்டும் எடுத்துக்கொள்ளும். விலக்கி வைப்பதால் பாதுகாப்புப் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். இணைப்பைத் திறக்கும்போதோ வட்டில் சேமிக்கும்போதோ ஆன்டிவைரஸ் அதை அப்போதும் சோதிக்கும். அலுவலகக் கணினி என்பதால் இந்த விலக்கைக் கணினிப் பிரிவின் ஒப்புதலோடு செய்வதே முறை.

அங்கே இல்லையென்றால், தயவுசெய்து ஃபோல்டரைச் சுருக்கும் கட்டளையை இயக்காதீர்கள். அழித்த கடிதங்களும் கோப்புக்குள் மறைந்து கிடப்பதுண்டு. சுருக்கினால்தான் அவை முற்றாகப் போகும். கோப்பின் அளவு இன்னும் பெரிதாக இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. அதை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு மீட்பு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: அதே ஆன்டிவைரஸ் தொடர்பாக இன்னொன்று. அவுட்லுக் நன்றாக வேலை செய்யும்போது தண்டர்பேர்ட் மட்டும் சான்றிதழ் நம்பத்தகாதது என்று எச்சரிக்கிறது.

பதில்: ஆன்டிவைரஸின் மின்னஞ்சல் சோதனைப் பகுதி, சர்வருக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நின்று, மறையாக்கப்பட்ட இணைப்பைப் பிரித்துப் பார்த்து, தன் சொந்தச் சான்றிதழைக் காட்டுகிறது. விண்டோஸின் சான்றிதழ்ப் பட்டியலில் அது தன்னைச் சேர்த்துக்கொண்டிருப்பதால் அவுட்லுக் நம்புகிறது. தண்டர்பேர்ட் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருப்பதால் நம்ப மறுக்கிறது. எச்சரிக்கையில் சான்றிதழை வழங்கியவர் பெயரைப் பாருங்கள். ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் மின்னஞ்சல் சோதனையை மட்டும் நிறுத்தச் சொல்லலாம். அறிமுகமில்லாத வேறு பெயர் இருந்தால் விதிவிலக்கு அளிக்காமல் உடனே கணினிப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். கணினியின் தேதி தவறாக இருந்தாலும் இதே எச்சரிக்கை வரும் என்பதால் அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கடவுச்சொல் சரியாக இருக்கிறது, உலாவியில் நுழைய முடிகிறது. பழைய அவுட்லுக் மட்டும் மீண்டும் மீண்டும் கேட்கிறது.

பதில்: வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பழைய முறையைப் பெரிய சேவைகள் மூடிவிட்டன. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் 2022 அக்டோபர் 1 முதல் நிறுத்தத் தொடங்கியது. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் கணக்கானால், அவுட்லுக் 2010-க்குப் புதிய உள்நுழைவு முறை தெரியாது; 2013-க்கு ரெஜிஸ்ட்ரியில் மாற்றம் வேண்டும்; 2016 முதல் இயல்பாகவே தெரியும். தண்டர்பேர்டைப் பயன்படுத்துவோர் உறுதிப்பாட்டு முறையை ஓஆத் 2 என்று மாற்ற வேண்டும்; அதில் குக்கிகளைத் தடுத்து வைத்திருந்தால் கூகுளின் உள்நுழைவு முடிவடையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கேட்டால், விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் தேங்கியிருக்கும் பழைய கடவுச்சொல்லை நீக்குங்கள்.

கேள்வி: ஜிமெயில் கணக்கில் ‘ஒரே நேரத்தில் அதிக இணைப்புகள்’ என்ற பிழை அவ்வப்போது வருகிறது.

பதில்: ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகள் வரை ஜிமெயில் அனுமதிக்கிறது. தண்டர்பேர்ட் இயல்பாக ஒரு கணக்குக்கு 5 வரை திறக்கும். அலுவலகம், வீடு, மடிக்கணினி என்று மூன்று இடங்களில் திறந்து வைத்தால் கைபேசிக்கு இடமில்லை. சர்வர் அமைப்பின் கூடுதல் பகுதியில் அந்த எண்ணை 2 ஆகக் குறையுங்கள்.

கேள்வி: ஜிமெயில் வழியாக அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் அனுப்பியவை ஃபோல்டரில் இரண்டிரண்டாக இருக்கிறது.

பதில்: சர்வர் ஒரு பிரதியும் மென்பொருள் ஒரு பிரதியும் வைக்கின்றன. மென்பொருளின் பிரதியை நிறுத்துங்கள்.

கேள்வி: நானும் சக ஊழியரும் ஒரே பொது முகவரியைக் கவனிக்கிறோம். இன்பாக்ஸுக்கு வரும் கடிதங்கள் யாரும் தொடாமலே வேறு ஃபோல்டருக்குப் போய்விடுகின்றன.

பதில்: யாரும் தொடவில்லை என்றாலும், இருவருடைய மென்பொருள்களும் தொடுகின்றன. அவருடைய கணினியில் உள்ள வடிகட்டி விதிகளும் குப்பைக் கடிதச் சோதனையும் உங்களுடையவற்றோடு போட்டியிட்டு, எது முதலில் கடிதத்தைப் பார்க்கிறதோ அது நகர்த்திவிடுகிறது. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் சிக்கல் இல்லையென்றால் ஐயத்துக்கு இடமே இல்லை. பொது முகவரிக்கான விதிகள் சர்வரில் மட்டும், ஒரே ஒரு தொகுப்பாக இருக்க வேண்டும். இரு கணினிகளிலும் அந்தக் கணக்குக்கான விதிகளையும் குப்பைச் சோதனையையும் நிறுத்துங்கள்.

கேள்வி: இருவரும் திறக்க வசதியாகப் பிஎஸ்டி கோப்பை (அவுட்லுக் கடிதங்களைக் கணினியில் சேமித்து வைக்கும் கோப்பை) அலுவலக நெட்வொர்க் டிரைவில் வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரே பிஎஸ்டி கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திறக்க இயலாது; நெட்வொர்க் ஒரு நொடி தடுமாறினாலும் கோப்பு சிதையக்கூடும். நெட்வொர்க் வழியாகப் பிஎஸ்டியை அன்றாடம் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் அவுட்லுக் தானாகவே பிஎஸ்டியை உருவாக்கியிருப்பதும் உண்டு. அதையும் அங்கிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். அளவையும் கவனியுங்கள்: அவுட்லுக் 2010 முதல் 50 ஜிபி இயல்பான உச்சவரம்பு, அதற்கு முந்தைய 2003, 2007 பதிப்புகளில் 20 ஜிபி.

கேள்வி: எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் தீராதா?

பதில்: பெரும்பாலும் தீராது. மென்பொருளை நீக்கினாலும் புரொஃபைல் அப்படியே இருக்கும்; மீண்டும் நிறுவியதும் அதே பழைய புரொஃபைலோடு அதே சிக்கலும் திரும்பும். அதற்குப் பதிலாகக் கன்ட்ரோல் பேனலில் மெயில் என்ற பகுதியைத் திறந்து, புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அதில் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். சிக்கல் மறைந்தால் பழைய புரொஃபைலை உடனே அழிக்காமல் சில வாரங்கள் வைத்திருங்கள். ‘இந்தக் கணினியில் மட்டும்’ என்ற குறிப்புள்ள ஃபோல்டர்கள் இருந்தால், அவை சர்வரில் இல்லாதவை. புதிய புரொஃபைலில் தாமாக வந்து சேரா. அவற்றைப் பழைய புரொஃபைலிலிருந்து ஒரு பிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்து, புதியதில் திறந்து, கடிதங்கள் படிக்கும் நிலையில் இருப்பதைப் பார்த்த பிறகு பழையதை நீக்கலாம்.