டிரக்குக்கு 80, காருக்கு 120: மொமென்டம் கணக்கு கேள்வி பதில்

கேள்வி (தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த், மேட்ரிக் மாணவி): அக்கா, 1200 கிலோ கார் 120 கிலோமீட்டர் வேகத்துல கிழக்க போகுது, மொமென்டம் கேக்குறாங்க, நான் ரெண்டையும் பெருக்கி 144000 போட்டேன், மெமோல (விடைக் குறிப்புல) 40000-ன்னு இருக்கு, எங்க தப்பு?

பதில்: பெருக்கல்ல தப்பில்லம்மா, மொமென்டம்னா எடையை வேகத்தால பெருக்குறதுதான், ஆனா மணிக்கு கிலோமீட்டரை அப்படியே தூக்கி வச்சுட்ட. மொதல்ல 3.6-ஆல வகு, 120-க்கு செகண்டுக்கு 33.33 மீட்டர் வரும், அதை 1200-ஆல பெருக்கினா 40000. 3.6 எங்கிருந்து வந்துச்சுன்னா மணிக்கு 3600 செகண்ட், கிலோமீட்டருக்கு 1000 மீட்டர், அவ்ளோதான். 60-க்கு 16.67, 80-க்கு 22.22, 100-க்கு 27.78, இதை மனசுல ஏத்திக்கோ, நம்ம ரோட்டு லிமிட்டெல்லாம் இதுக்குள்ளதான். அப்புறம் மொமென்டத்துக்குத் திசையும் உண்டு, கடைசில "கிழக்கு"ன்னு எழுதாம எழுந்து வந்துடாத, பாதி பசங்க அங்கதான் மார்க்கை விடுறாங்க.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், டிரக் டிரைவர்): டீச்சர், கார்க்காரன் என்3 ஹைவேல 120-ல பறக்குறான், நாங்க 80-லதான் போறோம், ஆனா எல்லாரும் எங்களைப் பாத்துதான் பயப்படுறாங்க, இது நியாயமா?

பதில்: அண்ணே, பயப்படுறது வேகத்துக்கு இல்ல. இந்த நாட்டுல ஃபுல் லோடோட ஒரு டிரக் 56 டன் வரைக்கும் போகலாம். 56000-ஐ 22.22-ஆல பெருக்குங்க, 12 லட்சத்து 44 ஆயிரம் வரும், அதாவது மேல அந்தப் பொண்ணு சொன்ன கார் மாதிரி 31 கார் சேர்ந்து 120-ல வர்ற மொமென்டம் உங்க ஒரு வண்டில இருக்கு.

அதைவிட மோசம் இறக்கம். நீங்க மாரிட்ஸ்பர்க் கிட்ட இருக்குற டவுன் ஹில் (Town Hill) மலை ரோட்டுல இறங்குற ஆளு, உங்களுக்குத் தெரியாததா. சும்மா ஒரு கணக்குக்கு, ரோட்டுல 15 மீட்டர் போனா 1 மீட்டர் இறங்குற சரிவுன்னு வச்சுக்குவோம், 56000-ஐ 9.8-ஆல பெருக்கி 15-ஆல வகுத்தா சுமார் 36600 நியூட்டன், பூமி உங்களை அவ்ளோ விசையில கீழ இழுக்குது. விசைங்கறது ஒரு செகண்டுல மொமென்டம் எவ்ளோ மாறுதுங்கறதுதான், அப்போ பிரேக்கும் இன்ஜினும் பிடிக்கலன்னா செகண்டுக்கு செகண்டு 36600 ஏறிட்டே போகும், கிட்டத்தட்ட ஹைவேல போற ஒரு காரோட மொத்த மொமென்டம், ஒவ்வொரு செகண்டும்! பிரேக்கையே மிதிச்சுட்டு இறங்கினா அது சூடாகி பிடிப்பு போயிடும், அதனாலதான் மேலயே லோ கியர் போடச் சொல்றது. 2013 செப்டம்பர் 5-ஆம் தேதி பைன்டவுன் கிட்ட ஃபீல்ட்ஸ் ஹில்ல இறங்கி வந்த டிரக் ரோபோட்ல (டிராஃபிக் சிக்னல்ல) நிக்காம டாக்ஸிங்க மேல மோதி 24 பேர் போயிட்டாங்களே, அதுக்கப்புறம்தான் அந்த ரோட்டுல பெரிய டிரக்குங்களுக்குக் கட்டுப்பாடு வந்துச்சு.

கேள்வி (டோங்காட், கிரேட் 12 பையன்): அக்கா, 2000 கிலோ பக்கி (பிக்கப் வண்டி) செகண்டுக்கு 15 மீட்டர் வேகத்துல வந்து ரோபோட்ல நின்ன 1000 கிலோ கார்ல மோதி ரெண்டும் ஒட்டிக்கிட்டு போகுது. மொமென்டம் மாறலன்னா எனர்ஜியும் மாறக்கூடாதுல்ல?

பதில்: இயக்க எனர்ஜி மாறும்டா தம்பி. முன்னாடி 30000, மோதினப்புறம் 3000 கிலோ சேர்ந்து போகுது, அதனால வேகம் 10. இப்போ இயக்க எனர்ஜி போட்டுப் பாரு, எடையில பாதியை வேகத்தால ரெண்டு தடவை பெருக்கணும், முன்னாடி 225000 ஜூல், பின்னாடி 150000. காணாம போன 75000 எங்க? நசுங்கின பம்பர்ல, சத்தத்துல, சூட்டுல. இந்த மாதிரி ஒட்டிக்கிற மோதல்ல அது இயல்பு. மொமென்டம் மாறாதுங்கற விதியை எழுதும்போது "தனித்த அமைப்பு"ங்கற வார்த்தை கட்டாயம், வெளி விசை இல்லாதவரைக்கும்தான் இது நிக்கும்.

கேள்வி (வெருலம்): எதிரெதிரா ஒரே எடை ஒரே வேகத்துல ரெண்டு கார் வந்தா மொத்த மொமென்டம் பூஜ்யமாமே, அப்போ அடி லேசா?

பதில்: ஐயோ இல்லப்பா. ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ், கூட்டினா பூஜ்யம், அதனால ஒட்டிக்கிட்டா ரெண்டும் அங்கயே நின்னுடும். எனர்ஜிக்குத்தான் பிளஸ் மைனஸ் கிடையாதே, அது முழுசும் தகரத்துலயும் ஆள் மேலயும்தான் இறங்கும்.

கேள்வி (பீனிக்ஸ், ஒரு ஆன்ட்டி): பேத்திக்கு ஒரு வயசு, பக்கத்துல இருக்குற கோயிலுக்குத்தானேன்னு மடியில வச்சுட்டுப் போறேன், கெட்டியா பிடிச்சுக்குவேன், மருமக சண்டை போடுறா.

பதில்: ஆன்ட்டி, மருமக பக்கம்தான் நான், கோவிச்சுக்காதீங்க. குழந்தை 10 கிலோன்னு வைங்க, வண்டி வெறும் 60-ல போகுது. மொமென்டம் 167. மோதி 0.1 செகண்டுல நின்னா 167-ஐ 0.1-ஆல வகுக்கணும், 1670 நியூட்டன். அதாவது அந்த நேரத்துல 170 கிலோவைத் தூக்கிப் பிடிக்கிற பலம் உங்க கைல இருக்கணும். எந்தப் பயில்வானாலயும் ஆகாது. குழந்தை சீட்ல கட்டினா அந்த விசையை பெல்ட்டு வாங்கிக்கும், உடம்பு முழுக்கப் பரவும். மூணு வயசுக்குக் கீழ கார்ல குழந்தை சீட் கட்டாயம்னு சட்டமே இருக்கு. கோயில் பக்கமா தூரமாங்கறது இந்தக் கணக்குல எங்கயும் வரல பாருங்க.

கேள்வி (லெனேசியா): போகும்போது 60, வரும்போது 120, சராசரி 90 தானே? மெமோல 80.

பதில்: 80 தான். டர்பன்ல இருந்து மாரிட்ஸ்பர்க் சுமாரா 80 கிலோமீட்டர், டிரக்கு பின்னாடி மாட்டிக்கிட்டு 60-ல ஏறினா 80 நிமிஷம், 120-ல திரும்பினா 40 நிமிஷம். 160 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம், வகுத்துக்கோ. மெதுவா போனதுல ரொம்ப நேரம் இருந்தேல்ல, அதான் சராசரி அந்தப் பக்கம் சாயுது.