‘குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை’ சரி, அடகு ரசீதைப் பார்த்தீர்களா?

கேள்வி: சம்பளம் 48,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் நகைகளை 12 சதவீத வட்டிக்கு அடகு வைத்து 1,20,000 வாங்கினேன். வருடா வருடம் திருப்பி வைக்கும்போது, ‘ரேட் ஏறியிருக்கு, கூடவே தர்றோம்’ என்பார்கள். அப்படி வாங்கித்தான் தங்கை வீட்டுக் காதுகுத்து, புதுமனை புகுவிழா இரண்டுக்கும் சீர் செய்தேன். இப்போது கடன் 2,58,000. ‘குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை’ என்கிறார் அம்மா. நானும் சிறுதுளி பெருவெள்ளம் என்று மாதம் 3,000-க்குச் செயலியில் டிஜிட்டல் கோல்டு வாங்குகிறேன், 42,000 சேர்ந்திருக்கிறது. மேற்கொண்டு மிஞ்சும் 8,000-ஐ யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) போடச் சொல்கிறார் ஏஜென்ட். போடலாமா? தங்கை மகளின் சடங்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

பதில்: யூலிப் வேண்டாம். அதில் போட்ட பணத்தை ஐந்து வருடம் தொட முடியாது. உங்கள் கடனுக்கோ வருடத்துக்கு ஒரு கெடு.

சீர்தான் கடனை ஏற்றியது என்று நினைக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். முதல் வருட வட்டி 14,400, காதுகுத்துச் சீர் ஏறத்தாழ 35,000: கடன் 1,70,000. அடுத்த வருடம் வட்டி 20,400, புதுமனைக்கு 40,000: கடன் 2,30,000. மூன்றாம் வருடம் விசேஷமே இல்லை, ஆனாலும் 28,000 வட்டி ஏறி 2,58,000. ஆக, உங்கள் கைக்கு வந்தது 1,95,000தான். மீதி 63,000, நீங்கள் கட்டாமல் புதுக் கடனிலேயே கழித்துக்கொண்ட வட்டி. இரண்டு சீரில் எதைவிடவும் இது பெரிய தொகை. தங்கம் ஏறியதால் நகைக்குக் கூடுதல் கடன் கிடைக்கும், அவ்வளவுதான். அது உங்கள் வருமானம் இல்லை.

டிஜிட்டல் கோல்டு கதை இன்னும் வேடிக்கை. வீட்டுத் தங்கத்துக்கு 12 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு, செயலியில் 3 சதவீதம் ஜிஎஸ்டி கொடுத்து வேறு தங்கம் வாங்குகிறீர்கள். விற்கும்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி வேறு. போதாக்குறைக்கு, இது தன் கட்டுப்பாட்டில் இல்லாத பொருள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது வட்டிக்கும் பொருந்தும்: உங்கள் கடனில் நாளொன்றுக்கு 85 ரூபாய் சொட்டுகிறது.

செயலியில் இருப்பதை விற்று அசலில் கட்டுங்கள். 42,000 என்றே வைத்தாலும் கடன் 2,16,000 ஆகும். அந்த 3,000-ம் மிஞ்சும் 8,000-ம் சேர்ந்தால் மாதம் 11,000. அதில் 9,500-ஐக் கடனுக்குக் கட்டினால் சுமார் 26 மாதத்தில் நகை வீடு வரும். கட்டும்போதெல்லாம் ரசீதில் ‘வட்டி’ எவ்வளவு, ‘அசல்’ எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். சில இடங்களில் வருடக் கடைசியில்தான் வாங்குவோம் என்பார்கள். அங்கே இருந்தால் அடுத்த கெடுவில் மாதாமாதம் அசல் கட்டவிடும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது எல்லா நகையையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள். சங்கிலி ஒன்று, வளையல் ஒன்று, ஆரம் ஒன்று என்று தனித்தனிக் கடனாகப் போடச் சொல்லுங்கள். ஒரே ரசீதில் இருந்தால் பெரும்பாலும் முழுக் கடனும் தீரும்வரை ஒரு தோடுகூடக் கைக்கு வராது. பிரித்து வைத்தால் சின்னதை முதலில் மீட்கலாம். அம்மாவுக்கும் நம்பிக்கை வரும். எடையில் கல், அரக்குக்குக் கழித்ததுபோக நிகர எடை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மீட்கும்போது சண்டை வருவது அங்கேதான்.

மீதி 1,500-ஐச் சீருக்கென்றே ஓர் ஆர்.டி.யில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். அம்மா சொன்னது கொன்றை வேந்தன் வரி. உறவில் குறை தேடாதே என்கிறது. கடன் வாங்கிச் செய் என்று அதில் இல்லை. இதற்கு ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று அம்மாவுக்குத் தெரிந்த பழமொழியே இருக்கிறது. மொய் நோட்டை எடுத்து, தங்கை வீட்டார் உங்களுக்குச் செய்ததைக் கூட்டிப் பாருங்கள். அளவு அதிலிருந்து வரட்டும். சடங்கு நாளில் ஆர்.டி.யில் 20,000 இருந்தால் சீரும் 20,000தான். தங்கையிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். பத்திரிகை அடித்தபிறகு சொன்னால்தான் மனஸ்தாபம்.

இன்னொன்று. ரேட்டுக்கு உச்சமாக வாங்கிய கடனில், தங்கம் விலை இறங்கினால், நகை மதிப்பு குறைந்த அளவுக்கு இடைவெளிப் பணம் கேட்பார்கள். கட்டாவிட்டால் ஏல நோட்டீஸ். அதனால் அடுத்த கெடுவுக்குப் பத்து நாள் முன்பே போய், வட்டியைக் கையிலிருந்து கட்டி, நிலுவைக்கு மட்டும் புதுக் கடன் போடச் சொல்லுங்கள். கூடத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள்.