பதில்: 88ஆம் சங்கீதம் ஏன் பாதியில் நிற்கிறது?

கடைசி வசனம் எதுவும் தொலையவில்லை. அந்தப் பாட்டு முடிவதே அப்படித்தான். 13ஆம் சங்கீதம் 5ஆம் வசனத்திலேயே நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது.

தமிழில் படிப்பதால்தான் குழப்பம். நம் பழைய மொழிபெயர்ப்பு 'மறைந்துபோனார்கள்' என்று முடியும். எபிரெயத்தில் கடைசிச் சொல் 'மஹ்ஷாக்', அதாவது இருட்டு. வாக்கியம் இறுக்கமானது: 'எனக்கு அறிமுகமானவர்கள், இருட்டு.' மிஞ்சிய ஒரே அறிமுகம் இருட்டுதான் என்றும் வாசிக்கலாம். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. அதே வேர் 6, 12 வசனங்களிலும் வருகிறது. எபிரெயப் பதிப்பில் பார்த்தால் ஒரு எண் கூட்டிக்கொள்ளுங்கள்: 7, 13, 19. அங்கே தலைப்பே முதல் வசனம்.

வேதபாடத்தில் மூன்று கூப்பிடுதல்களை (1, 9, 13) முதலில் அடிக்கோடிடச் சொல்லுங்கள். பிறகு 6, 8, 18இல் 'நீர்' என்று குற்றம்சாட்டும் வினைகளை. இருட்டில் தள்ளிய தேவனிடமே, இந்தச் சங்கீதத்தின் தலைப்பில் பெயர் உள்ள ஏமான் பேசுகிறான், பேச்சை நிறுத்தவில்லை. முதல் வரியின் 'என் இரட்சிப்பின் தேவன்' தவிர ஆறுதல் தேடாதீர்கள்.

மகிழ்ச்சியாக முடிக்க 89இன் முதல் வரியை ஒட்டாதீர்கள். அது ஏத்தான் என்ற வேறொருவருடைய பாட்டு. 38ஆம் வசனத்தில் அதுவும் புலம்பலாகிவிடும்.