ஊசிக்குப் பிறகு வந்த நோய் எல்லாம் ஊசியால் வந்ததா?

கேள்வி: கொள்ளைநோய்க் காய்ச்சல் பரவும்போது சில மாதங்களிலேயே தடுப்பூசி தயாரித்துக் கோடிக்கணக்கானோருக்குப் போட்டுவிடுகிறார்கள். ஊசி போட்ட சில நாளில் ஒருவருக்குக் கால் செயலிழந்தால், அதற்குக் காரணம் ஊசிதானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: அந்த ஒருவரை மட்டும் பரிசோதித்து அதைச் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம். எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நீங்கள் குறிப்பிடும் நோய் கில்லன் பாரே. நம் எதிர்ப்பு சக்தி நம் நரம்புகளையே தாக்குவதால் வருவது. தடுப்பூசியே போடாத ஊரிலும் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்கு இது வரும். ஒரு கோடிப் பேருக்கு வெறும் உப்புநீரை ஊசியாகப் போட்டாலும், அடுத்த 6 வாரத்தில் அவர்களில் பத்து இருபது பேருக்காவது இந்த நோய் வரத்தான் செய்யும். ஊசித் திட்டம் தொடங்கும் முன்பே இந்த வழக்கமான எண்ணிக்கையைக் கையில் வைத்திருக்க வேண்டும். வந்த நோயாளிகளை மட்டும் எண்ணி, எத்தனை பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று பார்க்காமல் விட்டால் கணக்கு தவறும்.

1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி அக்டோபர் 1 அன்று தொடங்கியது. சுமார் 4.5 கோடிப் பேர் போட்டுக்கொண்ட நிலையில் டிசம்பர் 16 அன்று நிறுத்தப்பட்டது. லட்சத்துக்கு ஒருவர் வீதம் கில்லன் பாரே கூடுதலாக வந்திருந்தது. அந்தப் பாடத்தால், 2009இல் மீண்டும் பன்றிக் காய்ச்சல் பரவித் தடுப்பூசி போட்டபோது அங்கே தாமாக வரும் புகார்களோடு நிற்கவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளைத் தடுப்பூசிப் பதிவேடுகளோடு வாராவாரம் பொருத்தினார்கள், நரம்பு மருத்துவர்களிடம் நோயாளிகளைத் தேடிப்போனார்கள். இந்த முறை கூடுதலாக வந்தது பத்து லட்சத்துக்கு ஓரிருவர்தான்.

ஆனால் ஆபத்து எப்போதும் எதிர்பார்த்த பக்கமிருந்தே வருவதில்லை. 2010 ஆகஸ்டில் பின்லாந்திலும் சுவீடனிலும், பாண்டெம்ரிக்ஸ் என்ற பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சிறுவர்கள் சிலர் பகலில் அடக்க முடியாமல் தூங்கி விழுவது கவனத்துக்கு வந்தது. நார்கோலெப்சி என்ற நோய் அது. பின்லாந்தில் 4 முதல் 19 வயதுவரை ஊசி போட்டவர்களில் சுமார் 16,000 பேருக்கு ஒருவர். சில ஆயிரம் பேரை வைத்து நடக்கும் சோதனையில் இது சிக்கவே சிக்காது. செய்தி பரவியதும் பெற்றோர் பிள்ளைகளை விரைவாக அழைத்துவருவார்கள், அதனாலேயே எண்ணிக்கை ஊதிப்போகும். ஆகவே நோய் உறுதியான தேதியை விட்டுவிட்டு, முதல் அறிகுறி தெரிந்த தேதியை வைத்துக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தபோதும் தொடர்பு மறையவில்லை என்பதால்தான் நான் இதை ஏற்கிறேன்.

உங்கள் பங்கும் இதில் உண்டு. ஊசி போட்டதும் 30 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். அடுத்த 6 வாரத்தில் பாதத்தில் தொடங்கும் மதமதப்பு மேலேறினாலோ, படியேறக் கால் ஒத்துழைக்காவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடக்கூடும் என்பதால் காத்திருக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தெரிவியுங்கள். அப்போது ஊசியின் பெயர், போட்ட தேதி, இடம், அறிகுறி தொடங்கிய நாள், எல்லாவற்றுக்கும் மேலாகப் புட்டியின் பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) தேவைப்படும். ஒரே மையத்தில் ஒரே நாளில் பலருக்குச் சீழ்க்கட்டி வந்தால் ஊசி போட்ட முறையைச் சந்தேகிப்போம். வெவ்வேறு ஊர்களில் ஒரே பேட்ச் என்றால் தயாரிப்பை. அட்டையில் அந்த எண் எழுதப்படாவிட்டால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.