மாமியார் கத்துவது வலியால் என்றால் தூக்க மாத்திரை என்ன செய்யும்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு 82 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவியே வாழ்ந்தவர். மறதி நோய் முற்றி, இப்போது பேச்சில்லை, படுத்த படுக்கை. எடை 38 கிலோ. குளிப்பாட்டும்போதும் பம்பர்ஸ் மாற்றும்போதும் கத்துகிறார், கையைக் கிள்ளுகிறார். இரவில் முனகுகிறார். கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். பகலெல்லாம் தூங்குகிறார், தொட்டால் மறுபடியும் கத்தல்தான். கொழுந்தனார் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எலும்பு வலிக்கு ஒரு மாத்திரை வாங்கி வந்து, "வெறும் மூலிகைதான், கொடுங்க அண்ணி" என்கிறார். தினமும் பெனடோல் கொடுத்தால் ஈரல் கெட்டுவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தொட்டால் கத்துகிறார், விட்டால் அடங்குகிறார் என்றால் அதை வலி என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கோபம், பிடிவாதம், பைத்தியம் என்ற பேச்செல்லாம் பிறகு. மறதி நோய் நினைவையும் பேச்சையும் கொண்டுபோகும், வலியைக் கொண்டுபோகாது. "முட்டி வலிக்குது" என்று சொல்ல வாய் இல்லாதவர் கிள்ளித்தான் சொல்வார். வருடக்கணக்கில் குனிந்து மரம் சீவிய முட்டியும் முதுகும் தோளும் இப்போது மடங்கி இறுகியிருக்கும். அதைப் பிடித்துத் திருப்பினால் கத்தாமல் என்ன செய்வார்?

தூக்க மாத்திரை முகத்தை அமைதியாக்கும், முட்டியை அமைதியாக்காது. வலி அப்படியே இருக்க, அதைக் காட்டும் சக்தி மட்டும் போய்விடுகிறது. மயக்கத்தில் சோறு புரையேறும், படுக்கைப்புண் சீக்கிரம் வரும். கொடுத்தது ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஹாலோபெரிடோல் என்ற மனநோய் மருந்து வகையா என்று அட்டையைப் பாருங்கள். இந்த வகை மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களின் இறப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை புதிய வகைகளுக்கு 2005ஆம் ஆண்டே எச்சரித்தது, ஹாலோபெரிடோல் போன்ற பழையவற்றுக்கு 2008இல். இன்றும் "இரவில் தூங்க மாட்டேன்கிறார்" என்று சொன்ன இரண்டாவது நிமிடத்தில் சீட்டு எழுதப்படுகிறது. போர்வையை விலக்கிக் காலைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அட்டையோடு போய், வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே இதைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

இப்போது பெனடோல். அதிலிருக்கும் பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 38 கிலோவுக்கு 570 வருகிறது. ஆகவே 500 மில்லிகிராம் சாதாரண மாத்திரை ஒன்று, ஒரு நாளைக்கு நான்கு, அதற்கு மேல் இல்லை. பெரியவர்களுக்கு இரண்டிரண்டாக என்று பெட்டியில் போட்டிருப்பது இவருக்கு அல்ல. இந்த அளவில் பொதுவாக ஈரல் கெடாது. ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். ஈரலைக் கெடுப்பது தெரியாமல் இரட்டிப்பாவதுதான்: சளி மாத்திரையிலும் காய்ச்சல் மருந்திலும் இதே பாராசிட்டமால் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பொன்ஸ்டான், வோல்டரன் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் போகவே வேண்டாம். இந்த வயதில் அவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும்.

வலி வந்தபின் கொடுப்பதில் பயனில்லை, ஏனென்றால் வந்ததை அவரால் சொல்ல முடியாது. காலை 6, பகல் 12, மாலை 5, இரவு 10 என்று நேரம் வைத்துக் கொடுங்கள். விழுங்கச் சிரமம் என்றால் சாதாரண மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம். 665 மில்லிகிராம் என்று போட்ட நீண்டநேர மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, எட்டு மணி நேர மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சிரப் என்றால் 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதாகப் பார்த்து 10 மில்லி கொடுங்கள். 120 உள்ள குழந்தைகள் சிரப்பில் அதே 10 மில்லி கொடுத்துவிட்டு, "பெனடோல் கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

வெறும் பெனடோலா என்று நினைக்க வேண்டாம். நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில், மறதி நோயும் மூர்க்கமும் உள்ள 352 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2011இல் வெளியானது. பாதிப் பேருக்கு எட்டு வாரம் படிப்படியாக வலி வைத்தியம் கொடுத்தார்கள், அதில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது பாராசிட்டமால்தான். அவர்களிடம் கத்தலும் அடித்தலும் தெளிவாகக் குறைந்தன.

உங்கள் வீட்டில் குறைகிறதா என்று தெரிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பேச முடியாதவர்களுக்காக 2003இல் வெளிவந்த "பெயினாட்" என்ற அளவு இருக்கிறது. மூச்சு, சத்தம், முகம், உடம்பு, தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 போட வேண்டும். முகம் சாதாரணமாக இருந்தால் 0, சோகமாகவோ பயந்தோ நெற்றி சுருங்கியோ இருந்தால் 1, வலியில் முகமே கோணினால் 2. மற்றவையும் அப்படியே. சும்மா படுத்திருக்கும்போது ஒரு தடவை, குளிப்பாட்டும்போது ஒரு தடவை எழுதுங்கள். முதல் நாள் குளியலில் 8, ஒரு வாரம் கழித்து 3 என்றால் மருந்து வேலை செய்கிறது. 8 இன்னும் 8தான் என்றால், ஒன்று பெனடோலை மீறிய வலி, அல்லது வேறெங்கோ ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது.

அந்தக் காரணத்தையும் தேட வேண்டும், தலையிலிருந்து கால் வரை. வாயைத் திறந்து பாருங்கள்: சொத்தைப் பல், வெள்ளைப் படலம், பல் செட்டு அழுத்திய புண். அடிவயிறு கெட்டியாக இருந்து பம்பர்ஸ் காய்ந்திருந்தால் சிறுநீர் அடைபட்டிருக்கிறது, அன்றே ஆஸ்பத்திரி. மூன்று நாள் வெளிக்குப் போகாவிட்டால் மலச்சிக்கல். தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சம் ஒழுகினாலும் அது வயிற்றுப்போக்காக இருக்க வேண்டியதில்லை, உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றி ஒழுகுவதாக இருக்கலாம். அதற்குப் போய் வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்தால் அடைப்பு முற்றும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். குதிகாலிலும் முதுகின் கீழ்ப்பக்கத்திலும் சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். அழுத்தும்போதும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அதுதான் படுக்கைப்புண்ணின் தொடக்கம். அங்கே தைலம் தேய்க்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றி, கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வையுங்கள்.

குளியலைக் காலை மருந்துக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தலைக்கு ஊற்ற வேண்டியதில்லை, வெதுவெதுப்பான நீரில் துடைத்தால் போதும். துடைக்காத பகுதி துண்டால் மூடியிருக்கட்டும். முகத்தில் தொடங்காதீர்கள், கையில் தொடங்குங்கள். திருப்புவதற்குக் கையையோ காலையோ பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு கைலியை நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டு, இருபுறமும் இருவர் பிடித்து உருட்டினால் மூட்டில் இழுப்பே விழாது. உடுத்தும்போது இறுகிய கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள்.

இனி கொழுந்தனார் வாங்கி வந்த மாத்திரை. இதைக் கொடுக்காதீர்கள். தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் இந்த வியாபாரம் ஓய்வதே இல்லை. பசார் மாலாமில் ஒருவர், வீடு வீடாக வரும் ஏஜென்ட் ஒருவர், இப்போது கைப்பேசியில் விற்பவர்கள். மூலிகை, ஜாமு (மலாய் நாட்டு மருந்து), ரசாயனம் கலக்காதது என்பார்கள். "மூன்றே நாளில் எழுந்து உட்காருவார்" என்பார்கள். மூன்று நாளில் அதிசயம் நடந்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ, பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கும் இத்தகைய வலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவிக்கிறது. அறிவிப்பு வந்த கையோடு அதே சரக்கு வேறு பெயரில் வேறு டப்பாவில் வருகிறது. அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் கிடக்கிறது, மாத்திரை தமிழ் பேசிக்கொண்டு வாசலுக்கு வருகிறது.

ஸ்டீராய்டு முதலில் நன்மை போலவே தெரியும். பசிக்கும், வலி குறையும், முகம் உருண்டையாகும், "சதை போட்டிருக்கிறார்" என்று சந்தோஷப்படுவீர்கள். உள்ளே சர்க்கரை ஏறும், தோல் காகிதமாகும், புண் ஆறாது, கிருமி தாக்கினாலும் காய்ச்சல் தெரியாது, வயிற்றில் இரத்தம் கசியும். டப்பாவில் "எம்ஏஎல்" (MAL) என்ற எழுத்துகளும் எட்டு இலக்கமும், பாரம்பரிய மருந்தென்றால் கடைசியில் "டி" (T) எழுத்தும், கூடவே ஹோலோகிராம் வில்லையும் இருக்க வேண்டும். எண் இருப்பது மட்டும் போதாது, வேறொரு மருந்தின் எண்ணை அச்சடித்து ஒட்டுவதும் நடக்கிறது. என்.பி.ஆர்.ஏ இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டினால் வரும் பெயரும் டப்பாவின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். டப்பாவே இல்லாமல் பிளாஸ்டிக் பையில் வந்ததற்கு இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை.

ஒன்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இதை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால், பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு மேல் போயிருந்தால், திடீரென நிறுத்தும்போது வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் வந்து உயிரே போகலாம். மறதி நோய் உள்ளவரிடம் இதை "நோய் முற்றிவிட்டது" என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பாதி பாதியாக நீங்களே குறைப்பதும் ஆபத்து, எந்த மாத்திரையில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மிச்ச மாத்திரையையும் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை நாளாக, தினம் எத்தனை என்று சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். அவர்கள் அளவு தெரிந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி மெல்லக் குறைப்பார்கள். நாள் கணக்கை வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். நீங்கள் நேற்றுத்தான் பார்த்தீர்கள், நாத்தனார் இரண்டு மாதமாகக் காப்பியில் கலந்து கொடுத்திருக்கலாம். மூன்று வாரத்துக்குக் குறைவு என்றாலும், விட்டு விட்டுக் கொடுத்தது என்றாலும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். நிறுத்தி மாதங்கள் ஆன பிறகும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை என்று எதற்குப் போனாலும் இதைச் சொல்லுங்கள். சுரப்பு பழைய நிலைக்கு வரப் பல மாதம் பிடிக்கும். தார் போல மலம் கறுத்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பெனடோல் போதாவிட்டால் அடுத்தது டாக்டர் கொடுக்கும் மார்ஃபின் சிரப். அதைச் சாவு மருந்து என்று ஒதுக்க வேண்டாம். 2.5 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்கி, சிறுநீரகத்தைப் பார்த்து ஏற்றினால் பாதுகாப்பானது. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் மலமிளக்கியையும் அன்றே கேட்டு வாங்குங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள், கரண்டியால் அல்ல. புற்றுநோயில் இறந்த உறவினர் வீட்டில் மிஞ்சிய ஃபெண்டானில் ஒட்டியை (தோலில் ஒட்டும் கடும் வலி மருந்து) யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். மார்ஃபின் பழகாத உடம்பில் ஒட்டினால் மூச்சு நின்றுவிடும்.

படுக்கையில் இருப்பவருக்காக அரசாங்கக் கிளினிக்குகள் வழியாக வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை ஒன்று உண்டு. "பெர்கிட்மாத்தான் பெராவாத்தான் டோமிசிலியாரி" என்று பெயர். பெரும்பாலும் கேட்டால்தான் சொல்கிறார்கள், கேட்கத் தெரிய வேண்டும் என்பது ஏழைக்கு எவ்வளவு பெரிய தண்டனை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே இதற்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். படுக்கையாய்க் கிடப்பவரைப் பராமரிப்போருக்குச் சமூக நல இலாகா (ஜே.கே.எம்) தரும் உதவித்தொகைக்கும் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். படிவம் இலவசம். "நான் பாஸ் பண்ணித் தருகிறேன்" என்று பணம் கேட்பவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்கு நோட்டுப் புத்தகத்தையும், தூக்க மாத்திரை அட்டையையும், கொழுந்தனார் வாங்கிய பையையும் கொண்டுபோங்கள். அவரைத் தூக்கிச் செல்ல முடியாவிட்டால் குளியல் நேரத்தில் கைப்பேசியில் ஒரு நிமிடம் முகத்தை மட்டும் படம் பிடித்துக் காட்டுங்கள். "தா போலே தீடோர்" (தூக்கம் வரவில்லை) என்று தொடங்கினால் மறுபடியும் தூக்க மாத்திரைதான் வரும். "டியா சாக்கிட் பிலா கித்தா பூசிங் பாடான்" (உடம்பைத் திருப்பும்போது அவருக்கு வலிக்கிறது) என்று தொடங்குங்கள். டாக்டர் வலிக்குப் பதில் சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.